மூன்று புள்ளிகளும் கொஞ்சம் நீலமும்

20 பிப்ரவரி 1984, திங்கள்

டைரியின் முதல் பக்கத்தில் கேட்டிருந்த விவரங்களை இன்றுதான் நிரப்பினேன். பெயர்: தவசிலிங்கம். வயது: 54. தொழில்: தலைமை ஓவியர், ஜோதிமணி லித்தோ, சிவகாசி. ரத்த வகை: தெரியாது. மூக்குக்கண்ணாடி எண்: தேவையில்லை.

காலண்டர் சீசன் முடிந்து ஊரே கொட்டாவி விடுகிறது. போன சீசனில் மட்டும் நான் வரைந்த லட்சுமிகள் பதினொன்று, முருகன் ஆறு, மேரி மாதா இரண்டு. இப்போது கை சும்மா இருப்பதால் எழுதுகிறேன்.

மதுரையிலிருந்து ஒரு தபால் குழல் வந்தது. அங்கே ஒரு கல்லூரியில் அரபி சொல்லிக்கொடுக்கும் மெஹர்பானு என்கிற அம்மா அனுப்பியது. பாலஸ்தீனத்துக்கு ஆதரவாக மார்ச் 30-ஆம் தேதி மதுரையில் கூட்டம் போடுகிறார்களாம். அன்றைக்கு அந்த நாட்டு மக்களுக்கு ‘நில தினம்’. அதற்கு மூவாயிரம் சுவரொட்டி வேண்டும். படம் வரைந்தது நுஹா ஹவ்வாரி என்கிற பாலஸ்தீன ஓவியராம்.

படத்தைப் பார்த்தேன். ஒரு குடியானவப் பெண் தரையில் உட்கார்ந்திருக்கிறாள். பாவாடை பெரிதாக விரிந்து, அதன் மடிப்புகள் அப்படியே உழுத சால்களாக ஓடுகின்றன. யோசனை பரவாயில்லை. ஆனால் நிழல் கிடையாது, நகை கிடையாது, கன்னத்தில் ரத்த ஓட்டம் கிடையாது. போதாததற்குக் கண் மூடியிருக்கிறது. அவசரத்தில் அனுப்பியிருப்பார்கள் போல. முடிக்க நேரமில்லை.

22 பிப்ரவரி, புதன்

முடித்துக் கொடுத்தேன்.

முதலில் கண். நம் தொழிலில் எல்லாம் வரைந்து கடைசியில் கண் திறப்பதுதான் உயிர். திறந்தேன். பிறகு கன்னத்துக்கு ரோஸ், காதுக்கு ஜிமிக்கி, நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கி ஒரு சுருள். கீழே அரபி எழுத்து இருந்தது. பிலிமில் அதைச் சுற்றி மூன்று தூசிப் புள்ளிகள் விழுந்திருந்தன. தூரிகை நுனியால் மூன்றையும் சுத்தமாக எடுத்துவிட்டேன். இருபத்தேழு வருடமாக என் பிலிமில் ஒரு தூசி போய் மெஷினில் ஏறியதில்லை.

மெஷின்மேன் சுடலைமுத்து எட்டிப் பார்த்து, “அண்ணாச்சி, லட்சுமிக்கு யாரு கருப்புத்துணி உடுத்துனது?” என்றான். ரசனை இல்லாதவன்.

24 பிப்ரவரி, வெள்ளி

ஸ்டூடியோவில் டியூப் லைட் மங்கல். மாற்றச் சொன்னேன். மாற்றினார்கள். புதியதும் மங்கல்தான். லைட் கம்பெனிகள் இப்போதெல்லாம் ஏமாற்றுகின்றன.

27 பிப்ரவரி, திங்கள்

ப்ரூஃப் மதுரைக்குப் போய்விட்டது. பாராட்டுக் கடிதம் வந்தால் இங்கே ஒட்டிவைக்க இரண்டு பக்கம் விட்டிருக்கிறேன்.

3 மார்ச், சனி

அந்த இரண்டு பக்கத்தில் இதையே எழுதுகிறேன்.

காலை பத்து மணிக்கு முதலாளி ஆள் அனுப்பினார். ஆபீஸ் அறையில் மெஹர்பானு டீச்சர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நாற்பத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண். குட்டையாக வெட்டிய பாதி நரைத்த முடி, ஆண்கள் போடுவது போன்ற சட்டை, நகக்கண்ணில் கருப்பு மை. மை பார்த்ததும் நம் ஜாதி என்று தெரிந்துவிட்டது. “இவங்கதான் நுஹா. அம்மான் நகரத்துலிருந்து கூட்டத்துக்காக வந்திருக்காங்க,” என்றார் டீச்சர்.

மேசைமேல் என் ப்ரூஃப் கிடந்தது.

நுஹா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து நான் முதலாளியைப் பார்த்தேன், முதலாளி மின்விசிறியைப் பார்த்தார். நிமிர்ந்தபோது அந்த அம்மா சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்பு நிற்கவில்லை. ஏதோ சொன்னார். டீச்சர் தயங்கித் தயங்கித் தமிழில் சொன்னார்:

“நிலத்தைப் பறிகொடுத்தவளை வரைஞ்சு அனுப்பினேன். நீங்க அவளைக் கல்யாணத்துக்கு அனுப்பிட்டீங்கன்னு சொல்றாங்க.”

“நல்லாத்தானே இருக்கா?” என்றேன்.

“ரொம்ப அழகா இருக்காளாம். அதுதான் சிக்கலாம்.” டீச்சர் எழுத்தின்மேல் விரல் வைத்தார். “இது வேற விஷயம், சார். இங்க மூணு புள்ளி இருந்திச்சே?”

“தூசி. எடுத்துட்டேன்.”

“அது எழுத்தோட புள்ளி, சார். இது ‘அர்ள்’. அப்படின்னா நிலம். மேல இருக்கிற புள்ளியை எடுத்தா ‘அர்ஸ்’னு ஆயிடும். அப்படி ஒரு சொல்லே கிடையாது. முதல் எழுத்துக்குக் கீழ இருந்த ரெண்டையும் எடுத்தீங்களா, ‘தினம்’ங்கிறதும் போச்சு.”

நில தினத்தில் நிலமும் இல்லை, தினமும் இல்லை. தமிழில் ஒருவன் மெய்யெழுத்துப் புள்ளிகளைத் தூசி என்று துடைத்தால் நான் அவனைச் சும்மா விடுவேனா? முதலாளி, “அண்ணாச்சி நம்ம கம்பெனிக்கே பெரிய ஆர்ட்டிஸ்டும்மா, இப்பிடி நடந்ததே இல்ல,” என்று ஏதோ சொல்லிச் சமாளித்தார்.

நுஹா எழுந்து வந்து, நான் வரைந்த ஜிமிக்கியை உற்றுப் பார்த்தார். முத்து முத்தாக ஒவ்வொன்றிலும் வெளிச்சப் புள்ளி வைத்திருந்தேன். கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். பிறகு அதே விரலால் கழுத்தை அறுப்பதுபோல ஒரு கோடு இழுத்தார். எடுத்துவிட வேண்டுமாம்.

5 மார்ச், திங்கள்

ஒரிஜினலிலிருந்து மறுபடி எல்லாம் செய்கிறேன். நுஹா பத்து நாள் இங்கேயே விடுதியில் தங்கிப் பார்த்துவிட்டுத்தான் போவாராம். நம்பிக்கை போய்விட்டது போலும். டீச்சருக்குக் கல்லூரி விடுமுறை இல்லை, சனி ஞாயிறும் மற்றபடி முடிந்தபோதும் வருவார். மீதி நாட்களில் என் ஆங்கிலமும் நுஹாவின் கையும்தான் பேச வேண்டும்.

இன்று டீச்சர் இருந்ததால், கண் மூடியிருப்பது ஏன் என்று கேட்டேன். நான் எதிர்பார்த்தது துக்கம் பற்றிய பதில்.

“மத்தியானம் வேலையை முடிச்சிட்டு அவ கண் அசந்திருக்கா,” என்று டீச்சர் மொழிபெயர்த்தார். “அவ்வளவுதானாம். சொந்த நிலத்துல உட்கார்ந்து பயமில்லாம ஒரு தூக்கம். இவங்க அம்மா முகாம்ல முப்பத்தஞ்சு வருஷமா அப்படித் தூங்கினதே இல்லையாம். காலடிச் சத்தம் கேட்டா எழுந்து உட்கார்ந்துக்குவாங்களாம். அதனால அம்மாவைத் தூங்க வச்சு வரைஞ்சாங்களாம்.”

இது மூன்றாவது முறையாக வரைந்த படமாம். முதல் இரண்டும் பெய்ரூட்டில் ஓர் அச்சகத்தில் இருந்தன. இரண்டு வருடம் முன்பு நடந்த போரில் கட்டடமே போய்விட்டது. பதினொரு வருடம் போட்ட சுவரொட்டிகளில் அவர் கையில் மிஞ்சியவை நான்கு. இதை அவர் சொன்னபோது தேநீரை ஊதிக்கொண்டே சொன்னார், மழைக்குக் குடை தொலைந்ததைச் சொல்வது போல.

நான் இன்று அந்தக் கண்ணை மூடினேன். ஒரே கோடு. ஐந்து முறை அழித்து வரைய வேண்டியிருந்தது. டியூப் லைட்.

6 மார்ச், செவ்வாய்

நுஹா என் வீட்டைக் கைப்பற்றிவிட்டார்.

நடந்தது இது. பதினோரு மணிவாக்கில் நுஹா என்னிடம் ஏதோ கேட்டார். எனக்கு விளங்கவில்லை. பைண்டிங் பகுதியிலிருந்த ராஜகனிக்குப் பார்த்தவுடன் விளங்கிவிட்டது. (என் மனைவி பதினாறு வருடமாக எங்கள் பைண்டிங்கில் இருக்கிறாள்.) கையைப் பிடித்து வெளியே கூட்டிப் போனாள். இருவரும் திரும்பி வர முக்கால் மணி நேரம்.

“அச்சகத்துல பொம்பளைகளுக்குக் கக்கூஸ் எங்கன்னு கேக்குறாக. எங்க இருக்கு, நான் காட்டுறதுக்கு? நம்ம வீட்டுக்குத்தான் கூட்டிட்டுப் போனேன்,” என்றாள்.

வீட்டில் ஊறவைத்த கொண்டைக்கடலை இருந்திருக்கிறது. நுஹா அதைப் பார்த்ததும் சட்டைக் கையை மடித்துவிட்டு ஆட்டுக்கல்லில் உட்கார்ந்துவிட்டாராம். வெந்த கடலை, எள், பூண்டு, எலுமிச்சை. மத்தியானம் சாப்பாட்டில் வந்தது. “ஊரு பூரா சுத்தி வந்து நமக்கே தொவையல் அரைச்சுக் குடுக்குறாக,” என்றாள் ராஜகனி. இரண்டு கரண்டி கூடுதலாகப் போட்டுக்கொண்டாள்.

8 மார்ச், வியாழன்

மத்தியானம் டீச்சர் வந்தார். நுஹா அவரைக் கூட்டிக்கொண்டு நேராக பைண்டிங்குக்குப் போய் ராஜகனியோடும் மற்றப் பெண்களோடும் பேசியிருக்கிறார். பிறகு என்னிடம் வந்தார்கள்.

“நாற்பத்திரண்டு பேர் வேலை பார்க்கிறாங்களாமே. காலையில எட்டு மணியிலிருந்து சாயங்காலம் ஆறு வரைக்கும் தண்ணியே குடிக்கிறதில்லையாம். குடிச்சாப் போக இடமில்லைன்னு. இவங்க கேக்குறாங்க, சார். இத்தனை ஆயிரம் போஸ்டர் அடிக்கிற இடத்துல இதுக்கு ஒரு போஸ்டர் கிடையாதான்னு.”

“போஸ்டர்ங்கிறது சினிமாவுக்கு, எலெக்‌ஷனுக்கு, கருமாதிக்கு. கக்கூசுக்கெல்லாம் யாரு போடுவா?” என்றேன்.

டீச்சர் அதை அரபியில் சொல்ல, நுஹா என்னை ஒருமாதிரி பார்த்தார். சிரிக்கவில்லை. எனக்கு அடுத்த வேலை இருந்தது, வந்துவிட்டேன்.

ராஜகனி வீட்டில் பித்தளைச் செம்பு நிறையத் தண்ணீரை ஒரே மூச்சில் குடிப்பாள். வேலைக் களைப்பு என்று நினைத்திருந்தேன்.

9 மார்ச், வெள்ளி

இன்று நடந்ததை எழுத இஷ்டமில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

நுஹா என் வேலையைப் பார்க்க ஆசைப்பட்டார். பெருமையோடு பத்து வருடக் காலண்டர்களையும் எடுத்துப் போட்டேன். ஒவ்வொன்றாக நின்று பார்த்தார். லட்சுமியின் விரல்களைத் தன் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். நன்றாக இருந்தது. பிறகு ஏனோ அவற்றைத் தரையில் வருட வரிசையில் அடுக்கினார். எழுபத்தி ஐந்து முதல் எண்பத்தி நாலு வரை, சுவர் ஓரமாக. கடைசி நான்கில் முதலாவதைக் காட்டி, “ப்ளூ,” என்றார். அடுத்ததைக் காட்டி, “மோர் ப்ளூ.” அடுத்ததைக் காட்டி, “வெரி ப்ளூ.” இந்த வருடத்து லட்சுமிக்கு வந்தபோது படத்தை விட்டுவிட்டு என் கண்ணைப் பார்த்தார்.

விஷ்ணுவின் மனைவிக்குக் கொஞ்சம் நீலம் ஒட்டுவதில் என்ன தப்பு? மேலும் இங்க் கம்பெனிக்காரர்கள் நீலத்தைத் தண்ணீராக்கிவிட்டார்கள். முன்பு மை அள்ளும் கத்தியால் ஒரு கத்தி போட்டால் போதும், இப்போது மூன்று போட்டால்தான் நீலம் நீலமாகத் தெரிகிறது. இதை ஆங்கிலத்தில் சொல்லத் தெரியாததால் காலண்டர்களைச் சுருட்டி வைத்துவிட்டேன்.

10 மார்ச், சனி

நுஹாவோடு பேசவில்லை. அவர் ஒரு மாங்காய் வெட்டி உப்பு மிளகாய் தூவி மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். சாப்பிட்டேன். அதற்காகப் பேச வேண்டும் என்றில்லை.

12 மார்ச், திங்கள்

ராஜகனியும் அந்தப் பக்கம் சேர்ந்துவிட்டாள். காலையில் என் முன்னால் இரண்டு சேலைகளை நீட்டினாள்.

“ஏங்க, இதுல கருப்பு எது, ஊதா எது?”

“இது என்ன கேள்வி? ரெண்டும் கருப்பு.”

சேலைகளை மடித்தாள். மடித்து முடித்தபின்தான் பேசினாள். “போன மாசம் பஸ் ஸ்டாண்டுல விருதுநகர் பஸ்ஸுன்னு என்னைய சாத்தூர் பஸ்ஸுல ஏத்திவிட்டீக. தீவாளிக்குப் பொறவு நீங்க சைக்கிள் எடுக்குறதே இல்ல. நான் கேட்டா முழங்கால் வலிங்கிறீக. முழங்கால் வலிக்காரரு மாடிக்கு எட்டு தடவை ஏறி இறங்குறீக.”

“பஸ் போர்டுல அவ்வளவு தூசி.”

“உங்களுக்கு எல்லாமே தூசிதான்,” என்றாள்.

மார்ச் மாதம் காற்றில் தூசி இருக்கத்தான் செய்யும்.

14 மார்ச், புதன்

பிளேட் தயார். இந்த முறை டீச்சர் கண்ணாடி வைத்துப் புள்ளிகளை எண்ணினார். மூன்று.

முதலாளிக்கு அரசியல் பயம். “அண்ணாச்சி, போலீஸ் கீலீஸ் வருமா?” என்றார். டீச்சர், “நம்ம சர்க்காரே அவங்க பக்கம்தான், சார்,” என்றதும் தெம்பு வந்து, அச்சகத்தின் பெயரைக் கொஞ்சம் பெரிதாகவே போடச் சொன்னார்.

15 மார்ச், வியாழன்

இந்த நாளை நான் மறக்கமாட்டேன்.

நுஹாவின் திட்டம் கருப்பு, அதோடு இன்னும் ஒரே ஒரு நிறம். அவர்கள் ஊரில் எப்போது மின்சாரம் போகும், எப்போது மை தீரும் என்று தெரியாது. ஒரே நிறத்தில் அடித்தாலும் நிற்கிற படமாகத்தான் வரைவார்களாம். சுவரில் ஒட்டினால் பாதி கிழிந்தாலும் மீதி பேச வேண்டுமாம். படம் ஆட்களைத் தேடிப் போக வேண்டுமே தவிர ஆட்கள் படத்தைத் தேடி வரும்படி வைக்கக்கூடாதாம். நான் சொன்னேன், “என் காலண்டரும் அப்பிடித்தான். டீக்கடை, சவரக்கடை, எல்லா இடத்துக்கும் அதுவே போகும்.” டீச்சர் சொன்னதும் நுஹா கையை நீட்டினார். குலுக்கினோம். கோபம் எல்லாம் அதோடு சரி.

பிறகு நம்மூர் வித்தையைக் காட்டினேன். மெஷினின் மைத் தொட்டியில் ஒரு முனையில் நீலம், மறுமுனையில் மஞ்சள். நடுவில் ஒன்றும் போடுவதில்லை. உருளை சுற்றச் சுற்ற இரண்டும் நடுவில் கலந்துகொள்ளும். தாள் ஒரே தடவைதான் உள்ளே போகிறது, வெளியே வரும்போது மூன்று நிறம். கட்சிப் போஸ்டர்க்காரர்களுக்குப் பழகிய வித்தைதான், நுஹாவுக்குப் புதிது.

மேலே வானம், கீழே விளைந்த மஞ்சள். பத்தாவது தாளில் நடுவில், பாவாடை மடிப்பு சால்களாக மாறுகிற இடத்தில், பச்சை எழுந்துவந்தது. நுஹா மெஷினருகே குனிந்து தொட்டியைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், மறுபடி தொட்டியைப் பார்த்தார்.

“பச்சையை யாரும் போடலியே, எங்கிருந்து வந்ததுன்னு கேக்குறாங்க,” என்றார் டீச்சர்.

“அதுவா முளைச்சதுன்னு சொல்லுங்க.”

சுடலைமுத்து மட்டும் தலையைச் சொறிந்தான். “அண்ணாச்சி, நீலம் போதும்.”

“வெளிறிக் கிடக்குடா,” என்று இன்னொரு கத்தி அள்ளிப் போட்டேன். நுஹா அடுத்த தாளை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் நின்றார். பிறகு சுடலைமுத்துவைப் பார்த்துக் கையமர்த்தினார். “இருக்கட்டும், இப்படியே ஓடட்டும்,” என்று டீச்சர் சொன்னார். மெஷின் ஓடியது. மென்மையான, காலை நேரத்து வானம்.

ஐந்து மணிக்குள் மூவாயிரமும் முடிந்தது. எல்லோர் கையிலும் மை. பைண்டிங் பெண்கள் வந்து பார்த்தார்கள். முத்துப்பேச்சி என்கிற பெண், “மகராசி எப்பிடி அசந்து தூங்குறா பாரு,” என்றாள். யாரும் விளக்கம் சொல்லியிருக்கவில்லை. டீச்சர் அதைச் சொன்னதும் நுஹா திரும்பி நின்று, கைத்துணியால் விரல்களை ரொம்ப நேரம் துடைத்தார்.

16 மார்ச், வெள்ளி

நுஹா மதுரைக்குக் கிளம்பினார். ராஜகனி ஒரு டப்பா எள்ளுருண்டை கொடுத்தாள். கிளம்பும்முன் நுஹா என்னிடம் ஒரு துண்டுத்தாள் நீட்டினார். மதுரையில் ஒரு கண் ஆஸ்பத்திரியின் விலாசம், டீச்சர் எழுத்தில். தேதியும் நேரமும் வாங்கிவிட்டார்களாம். யாரைக் கேட்டு வாங்கினார்கள்?

“நான்தான் வாங்கச் சொன்னேன்,” என்றாள் ராஜகனி.

21 மார்ச், புதன்

டாக்டர் சின்ன வயது. இரண்டு கண்ணிலும் புரை, வலது கண்ணில் முற்றிவிட்டது என்றார். “புரை மஞ்சளாகும்போது நீலம் உள்ளே போகாதுங்க. நீங்க ஓவியராச்சே, தெரியலையா?” என்று கேட்டார். எனக்குத் தெரியும் என்றேன். ராஜகனி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

தெரியும்தான். இரண்டு தீபாவளியாகத் தெரியும். சொன்னால் தலைமை ஓவியர் நாற்காலியில் யார் உட்காருவார் என்பதும் தெரியும். எழுதிவிட்டேன், போதும்.

26-ஆம் தேதி வலது கண்ணுக்கு ஆபரேஷன்.

28 மார்ச், புதன்

அவர்களுக்கு இரண்டு கண்ணையும் கட்டியிருப்பதால் ராஜகனியாகிய நான் எழுதுகிறேன். அவர்கள் சொல்லச் சொல்ல எழுத வேண்டும் என்று உத்தரவு.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. தான் கொஞ்சமும் பயப்படவில்லை என்று எழுதச் சொல்கிறார்கள். உள்ளே போகும்போது என் கையை விடமாட்டேன் என்று நர்சம்மாவிடம் வழக்கடித்தார்கள். அதை எழுதச் சொல்லவில்லை, நானாக எழுதுகிறேன்.

30 மார்ச், வெள்ளி

இன்று கூட்டம். அவர்கள் தலை அசைக்கக்கூடாது என்பதால் நான் மட்டும் போய்வந்தேன். மண்டபத்தில் உட்கார இடமில்லை. மேடைக்குப் பின்னால் நம் சுவரொட்டிதான் வரிசையாக. நுஹா பேசும்போது ‘தவசிலிங்கம்’ என்று ஒரு வார்த்தை நடுவில் வந்தது, உச்சரிக்க ரொம்பக் கஷ்டப்பட்டார். ஜனம் கைதட்டியது. என்னத்துக்கு என்று தெரியாமல் நானும் தட்டினேன்.

வந்து அவர்களிடம் சொன்னேன். “சரியாச் சொன்னாகளா, தவசின்னு? தபசின்னு சொன்னாகளா?” என்று நான்கு தடவை கேட்டார்கள்.

31 மார்ச், சனி

நுஹா விமானம் பிடிக்கச் சென்னை போகும் வழியில் வார்டுக்கு வந்தார். டீச்சரும் கூட. என் வீட்டுக்காரர் எழுந்து உட்காரப் பார்க்க, நர்சம்மா அதட்டினார். நுஹா கட்டிலில் உட்கார்ந்து அவர்கள் உள்ளங்கையில் விரலால் ஏதோ வரைந்தார். முதலில் ஒரு வளைவு, பிறகு மூன்று முறை குத்தினார். இவர்கள் சிரித்தார்கள். கட்டுப் போட்டவர் சிரிக்கக்கூடாது என்று எல்லோருக்கும் திட்டு விழுந்தது.

போகும்போது நுஹா என்னைக் கட்டிக்கொண்டு டீச்சரிடம் ஒன்று சொன்னார். “உங்க ஊர்ல ரெண்டாவது போஸ்டர் யார் போடப்போறாங்கன்னு எனக்குக் கடிதம் எழுதணும்” என்றாராம். கட்டிலில் இருந்த இவர்கள் காதில் அது விழுந்தது. தூங்குவது போல இருந்துகொண்டார்கள்.

3 ஏப்ரல், செவ்வாய்

நானே எழுதுகிறேன். எழுத்து யானைபோலத் தெரிகிறது. தற்காலிகமாகத் தந்திருக்கும் கண்ணாடி சோடாபுட்டியின் அடிப்பாகம்.

காலையில் கட்டை அவிழ்த்தார்கள். முதலில் வெறும் வெளிச்சம். பிறகு நீலம். ஜன்னல் நீலம், நர்சம்மாவின் பேனா மூடி நீலம், ராஜகனியின் சேலைக் கரை ஒரு நீலம், அதற்குள் இன்னொரு நீலம். அவள் முகத்தைப் பார்க்கும்முன் கரையைப் பார்த்தேன் என்று கோபித்துக்கொண்டாள். பிறகு முகத்தையும் பார்த்தேன். நரை இவ்வளவு வந்திருக்கிறது. அதைச் சொன்னதற்கு இன்னொரு கோபம்.

ஆஸ்பத்திரி வாசலில் எதிர்ச்சுவரில் நம் சுவரொட்டி ஐந்தாறு ஒட்டியிருந்தார்கள். நான் திடுக்கிட்டு நின்றேன். காலை நேரத்து வானமா அது? மயில் கழுத்து. சத்தம் போடுகிற நீலம். தெருவின் அந்தக் கோடியில் வருகிறவனையும் சட்டையைப் பிடித்து இழுக்கிற நீலம். அதன் கீழே, யாரும் போடாத பச்சையில், அந்தப் பெண் கொஞ்சமும் அசையாமல் தூங்குகிறாள்.

“நுஹா தெரிஞ்சேதான் ஓடவிட்டிருக்காங்க,” என்றேன்.

“பொறவு? உங்க ஒருத்தருக்குத்தான் தெரியல,” என்றாள் ராஜகனி.

ரிக்‌ஷாக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வரைந்த லட்சுமியை இத்தனை வருடத்தில் நின்று பார்த்தவர்கள் கும்பிட்டிருக்கிறார்கள். இவர் கும்பிடவில்லை. அவளை எழுப்பிவிடக்கூடாது என்பது போல மணி அடிக்காமல் வண்டியை நகர்த்திக்கொண்டு போனார்.

14 மே, திங்கள்

நல்ல கண்ணாடி வந்தது. வேலைக்கும் வந்தேன். முதலாளி மாலை போட்டார். முதல் வேலையாக ஒரு லட்சுமி. நீலம் ஒரே கத்தி.

மத்தியானம் பைண்டிங்குக்குப் போனேன். பதினாறு வருடத்தில் எத்தனை தடவை அங்கே போயிருப்பேன். இன்றுதான் பார்த்தேன். நாற்பத்திரண்டு பெண்கள், மூலையில் ஒரு பானை. பானை நிறையத் தண்ணீர், மேலே கவிழ்த்த டம்ளர் காய்ந்து கிடக்கிறது.

19 மே, சனி

வீட்டில் ராஜகனியிடம் கேட்டேன். “போஸ்டர் போட்டா பேரு யாருதுன்னு கேப்பாக. வேலைக்கு ஆபத்து வரலாம்.”

“நாப்பத்திரண்டு பேரையும் அனுப்பிட்டு யாரை வச்சு பைண்டிங் பண்ணுவாரு? நீங்க வரையுங்க. பேசுறதை நாங்க பேசிக்கிடுறோம்.”

வரைந்தேன். நிறம் இரண்டு. ஒரு பானை, அதன் வாயில் கவிழ்த்த டம்ளர், அதன்மேல் ஒரு பூட்டு. கீழே ஒரே வரி, முத்துப்பேச்சி சொன்னது: ‘தாகமாக இருக்கிறது, குடிக்கப் பயமாக இருக்கிறது.’ பூட்டில் வெளிச்சப் புள்ளி வைக்கக் கை துறுதுறுத்தது. வைக்கவில்லை.

23 மே, புதன்

சுடலைமுத்து சாப்பாட்டு வேளையில் ஐம்பது தாள் ஓட்டித் தந்தான். பெண்களே பசை காய்ச்சி, அச்சகத்தின் முன்சுவர் முழுக்க ஒட்டினார்கள். ஒட்டிவிட்டு அங்கேயே வரிசையாக நின்றார்கள், ராஜகனி முன்னால்.

மூன்று மணிக்கு முதலாளியின் கார் வந்தது. இறங்கினார். படித்தார். முகம் சிவந்தது. பெண்களைப் பார்த்தார், யாரும் நகரவில்லை. “யாரு அடிச்சுக் குடுத்தது இதை?” என்றார். கீழே பார்த்தார். சட்டப்படி போட வேண்டிய அச்சகத்தின் பெயர் அவருடையதாகவே இருந்தது.

ராஜகனி பேசினாள். குரலை உயர்த்தவில்லை. “முதலாளி, உங்க வீட்டு அம்மா இங்க ஒருநா வந்து எங்ககூட எட்டு மணியில இருந்து உக்காந்து பாக்கட்டும். பொறவு நீங்க என்ன சொன்னாலும் கேக்குறோம்.”

தெருவில் ஆட்கள் நின்றுவிட்டார்கள். பக்கத்து அச்சகத்துப் பெண்களும் வெளியே வந்து படித்தார்கள். முதலாளி பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சாயங்காலம் கொத்தனாரை வரச் சொல்லுங்க,” என்றார் கடைசியில், யாரையும் பார்க்காமல். “ரெண்டு கக்கூஸ் போதுமா?”

“நாலு,” என்றாள் ராஜகனி.

“சரி, நாலு. இப்ப எல்லாரும் உள்ள போங்க.”

ஒருவரும் உள்ளே போகவில்லை. முத்துப்பேச்சி பானையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டாள். டம்ளர் கை மாறிக் கை மாறிப் போனது. நாற்பத்திரண்டு பேரும் நடுத்தெருவில் நின்று, வயிறு முட்ட, சிந்தச் சிந்தத் தண்ணீர் குடித்தார்கள். முதலாளிக்கும் ஒரு டம்ளர் நீட்டினார்கள். வாங்கிக் குடித்தார்.

நுஹாவுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஆங்கிலம் இரண்டு வரியோடு நின்றுவிட்டது. ராஜகனி, “படத்தை அனுப்புங்க, அது போதும்,” என்கிறாள். சுருட்டிவிட்டேன். பக்கத்து அச்சகத்துப் பெண்கள் மூன்று பேர் வாசலில் நிற்கிறார்கள். அண்ணாச்சியைப் பார்க்க வேண்டுமாம்.